சாயப்பட்டறையிலிருந்து ஒரு குழாய்

நான் வேலை பார்த்த சுத்திகரிப்பு நிலையத்தில் இந்த வருஷம் ஆயுத பூஜைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்ற ஆளைக் கூப்பிடுவது சுண்டல் கொடுக்க இல்லை, பழைய கோப்பு எந்த அலமாரியில் கிடக்கிறது என்று கேட்கத்தான் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் போனேன். ஆய்வகத்தில் என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் காவ்யா ஒரு பனியனை எடுத்துக் காட்டினாள். கழுத்துப் பட்டையில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு கட்டம். அதைப் போனில் படம் பிடித்தால் அந்தத் துணிக்கு எவ்வளவு தண்ணீர் செலவானது, அதில் எவ்வளவு திரும்பி வந்தது என்றெல்லாம் சொல்கிறது. துணி வாங்கும் வெளிநாட்டுக்காரர் கேட்கிறார், இங்கே செய்கிறார்கள். நல்லதுதான்.

"மேடம், உங்க காலத்துல பையரும் இதெல்லாம் கேக்கல, சட்டத்துலயும் இல்ல. அப்பறம் எப்படீங்க ஓனருங்கள ஒத்துக்க வெச்சீங்க?" என்று கேட்டாள்.

"சண்டை போட்டுத்தான்" என்று சொல்லிவிட்டுச் சுண்டலை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். பஸ்ஸில் மனசு கேட்கவில்லை. நான் சண்டைக்காரிதான், ஊருக்கே தெரியும். ஆனால் சண்டை போட்டு ஒரு முதலாளியைக்கூட நான் வழிக்குக் கொண்டுவந்ததில்லை. அந்தப் பெண்ணுக்குச் சரியான பதில் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் எஸ்தர். அப்பா சாத்தான்குளத்துப் பக்கமிருந்து இந்த ஊருக்குப் பிழைக்க வந்து, பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தார். நான் வேதியியல் படித்தேன். பத்திருபது சாயப்பட்டறைகள் சேர்ந்து நடத்திய ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்தேன். முதல் இரண்டு வருஷம் கண்ணாடிக் குழாய் கழுவியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, கை வெடித்தது, அவ்வளவுதான்.

நிலையத்தின் வேலை இதுதான். பட்டறைகளில் துணிக்குச் சாயம் போட்ட கழிவுநீர் குழாய் வழியாக எங்களிடம் வரும். நாங்கள் சாயத்தையும் உப்பையும் பிரித்து, நல்ல தண்ணீரைப் பட்டறைக்கே திருப்பி அனுப்புவோம். கோர்ட் உத்தரவில் ஊரிலுள்ள பட்டறைகள் எல்லாம் மூடிக் கிடந்து திரும்பத் திறந்த பிறகு, ஒரு சொட்டும் வெளியே போகக்கூடாது என்பது சட்டம். அதற்கு மேல் ஏதாவது செய்யுங்கள் என்று முதலாளிகளிடம் கேட்பதற்கு ஒருவர்தான் எங்கள் ஊரில் இருந்தார். அவர் எங்கள் மேனேஜர் ஆறுமுகம் சார்.

ஆறுமுகம் சார் நெசவாளர் குடும்பத்துக்காரர். நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் ஒரு பென்சில், வருஷா வருஷம் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடை. தெரு நாய்க்குக்கூட "தள்ளிப் போங்க" என்று சொல்லும் மனிதர். கோபம் வந்தால் அந்த 'ங்க' இன்னும் ஒன்று கூடும். அப்போது எதிரே நிற்கிறவர் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

அவரிடம் ஒரு நோட்டு இருந்தது. ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு பக்கம். பக்கத்தின் நடுவே பென்சிலால் ஒரு கோடு. இடது பக்கம் 'செஞ்சே ஆகோணும்', வலது பக்கம் 'செஞ்சா நல்லது'. இடது பக்கத்தில் உள்ளதற்கெல்லாம் தபால் போடுவார். வலது பக்கத்தில் உள்ளதற்கு நேரில் போவார். ஒருநாளும் மாற்றிச் செய்ததில்லை.

"கட்டாயத்துக்குக் கடுதாசி போதுமுங்க. அவங்க இஷ்டப்பட்டுச் செய்ய வேண்டியதுக்கு ஆளு போகோணும்" என்பார்.

போவதிலும் அவருக்கு முறை உண்டு. வண்டியை கேட்டுக்கு வெளியே நிறுத்துவார். உள்ளே போனதும் கேட்க வந்ததைக் கேட்க மாட்டார். அந்த முதலாளி எதைப் பற்றிப் பெருமைப்படுகிறாரோ அதை முதலில் காட்டச் சொல்வார். புது மிஷினோ, பிள்ளையார் கோயிலோ, மகன் வாங்கிய கோப்பையோ, அதை உண்மையிலேயே பார்ப்பார். பிறகு ஒரே ஒரு விஷயம் சொல்வார். சொல்லிவிட்டு உடனே கிளம்பிவிடுவார்.

"ஏன் சார் இப்படி ஓடுதீங்க? பதில் கேக்க வேண்டாமா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"வேண்டாம்னு சொல்றதுக்குள்ள எந்திரிச்சு வந்தரோணுமுங்க. ஒருக்கா வேண்டாம்னு வாயில வந்துருச்சுன்னா, அப்பறம் அந்த வார்த்தையக் காப்பாத்தறதுக்கே அவரு பாடுபடுவாரு."

இதைக் கேட்டு நான் சிரித்தேன். சிரித்துவிட்டு, நானாகப் போன முதல் பட்டறையிலேயே எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தேன்.

அது உப்பு விஷயம். சாயம் துணியில் ஏற மூட்டை மூட்டையாக உப்பு வேண்டும். கழிவுநீரிலிருந்து நாங்கள் பிரித்தெடுக்கும் உப்புக் கரைசலையே திரும்பச் சாயத்துக்குப் பயன்படுத்தினால் புது உப்பு குறையும். அதைக் காய்ச்சிக் கட்டியாக்க விறகு எரிப்பதும் குறையும். சட்டம் இதைக் கேட்கவில்லை. சாய மாஸ்டர்களோ அந்தக் கரைசலைத் தொடவே பயந்தார்கள். "ஷேடு மாறிரும்" என்ற ஒரே பதில்.

நான் போன பட்டறையின் மாஸ்டர் பெயர் முருகேசன். அவர் பார்த்துச் சொன்னால் ஊரில் மறுபேச்சு இல்லை. நான் ஆய்வகத்தில் ஒரே நீலத்தில் இரண்டு துண்டுத் துணிகளுக்குச் சாயம் போட்டேன். ஒன்று புது உப்பில், ஒன்று எங்கள் கரைசலில். இரண்டையும் நிறம் பார்க்கும் விளக்குப் பெட்டிக்குள் வைத்து, "இதுல எது பழைய உப்பு, சொல்லுங்க மாஸ்டர்" என்றேன். பட்டறை ஆட்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்து ஒன்றைத் தொட்டார். "இதுதான். மங்கலாத் தெரியுது பாருங்க."

அது புது உப்பில் போட்டது. முருகேசன் துணியைப் பெட்டியிலேயே போட்டுவிட்டு உள்ளே போனார். நான் வெற்றி வீராங்கனையாக நிலையத்துக்குத் திரும்பி வந்து சாரிடம் சொன்னேன்.

"அப்படீங்களாங்க" என்றார். ஒரு 'ங்க' கூடியிருந்தது. "பத்துப் பேரு முன்னால ஒரு மாஸ்டரத் தோக்கடிச்சுப்போட்டு வந்திருக்கறீங்க. இனி அந்தாளு செத்தாலும் அந்த உப்பத் தொடுவாருங்களாங்க?"

தொடவில்லை. ஆறு மாதம் அந்தப் பட்டறை வாசலை நான் மிதிக்க முடியவில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முருகேசன் வீட்டுக்கே போய், "மாஸ்டர், எனக்கு உப்பு ஏறின கடுசுத் தண்ணியில சாயம் எப்படித் திட்டுத்திட்டா நிக்கும்னே தெரியல. நீங்க சொல்லித் தரணும்" என்று கேட்டேன். பொய் இல்லை, எனக்குப் புத்தகத்தில் மட்டும்தான் தெரியும். அவர் சொல்லித் தந்தார். பிறகு எங்கள் கரைசலை எப்படிப் பக்குவப்படுத்தினால் ஷேடு நிற்கும் என்று அவரே எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மற்றப் பட்டறைகளுக்கு நான் போகவில்லை, அவரே போனார். ஒரு வருஷத்தில் எங்கள் உறுப்பினர் பட்டறைகளில் பாதிக்கு மேல் அந்த உப்புக்கு மாறின. அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான், மறைக்க என்ன இருக்கிறது?

ஆனால் காவ்யாவுக்கு நான் சொல்ல வேண்டியது உப்புக் கதை இல்லை, குழாய்க் கதை.

சண்முகம் என்று ஒரு பட்டறை முதலாளி. நான் தெற்கத்திப் பழக்கத்தில் அவரை "அண்ணாச்சி" என்பேன். "என்னைய மளிகைக்கடைக்காரராவே ஆக்கிப்போட்டீங்களே மேடம்" என்று சிரிப்பார். எந்த விதியையும் மீறாதவர். ஒருகாலத்தில் மற்றவர்களோடு சேர்த்து அவர் பட்டறைக்கும் சீல் வைத்திருந்தார்கள். அந்தப் பயம் எலும்பில் இறங்கியிருந்தது. கழிவுநீர்க் கணக்கில் ஒரு குடம் குறைந்தாலும் எங்களுக்குப் போன் போடுகிற ஆள்.

அவர் பட்டறையின் வேலிக்கு அந்தப் பக்கம் ருக்மணியக்காவின் தோட்டம். கொமரலிங்கத்தில் பிறந்து அமராவதி ஆற்றுத் தண்ணீரில் வளர்ந்து, கல்யாணமாகி இங்கே வந்தவர். கணவர் இல்லை. நான்கு கறவை மாடு, கொஞ்சம் தென்னை, ஒரு கிணறு. கிணற்றுத் தண்ணீர் உப்பு. சட்டம் வருவதற்கு முன்னால் ஊரே விட்ட கழிவு மண்ணுக்குள் இறங்கியது. மாடு அதில் வாய் வைக்காது. மாட்டுக்கு லாரித் தண்ணீர், அக்காவுக்குக் கேன் தண்ணீர்.

விவசாயிகளும் பட்டறைக்காரர்களும் உட்கார்ந்து பேசிய ஒரு கூட்டத்தில் அந்த அக்கா எழுந்து கேட்டார். "இப்ப நீங்க ஒரு சொட்டும் வெளிய விடறதில்லீங்க, செரி, ஒத்துக்கறேன். முன்ன விட்டது என்ற கிணத்துல இருக்குதே, அதுக்கு எந்தச் சட்டமுங்க?"

கூட்டத்தில் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். நானும்தான். கூட்டம் முடிந்து போகும்போது என்னிடம் சொன்னார்: "இன்னி ரண்டு வருசம் பாக்கறேன் அம்மிணி. அதுக்கு மேல ஆகாது. மாட்ட வித்துப்போட்டு, தோட்டத்தக் குடுத்துப்போட்டு, தாராபுரத்துல மக ஊட்டுக்குப் போயிருவேன்." அவருக்கு மகள் வீட்டில் போய் உட்காரப் பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

அந்த மழைக்காலத்தில் ஒருநாள் சண்முகம் அண்ணாச்சி பட்டறையில் மாட்டிக்கொண்டேன். வெளியே கொட்டு கொட்டென்று கொட்டுகிறது. அவ்வளவு பெரிய தகரக் கூரையிலிருந்து தண்ணீர் ஆறாக இறங்கி ரோட்டுச் சாக்கடையில் போய் விழுகிறது. பத்தடி தள்ளி ருக்மணியக்காவின் கிணறு. இந்த மழைத் தண்ணீரை அந்தக் கிணற்றில் விட்டால் வருஷத்துக்கு வருஷம் உப்பு குறையுமே என்று தோன்றியது. கணக்குப் போட்டுப் பார்த்தேன், குறையும். சாரிடம் சொன்னேன். அவர் நோட்டை எடுத்து, சண்முகத்தின் பக்கத்தில், வலது பக்கம் எழுதினார். எழுதிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நல்ல யோசனைங்க. ஆனா சாயப்பட்டறைச் சுவத்துல இருந்து ஒரு பைப்பு வெளிய போயி விவசாயி கிணத்துல விழுகுது. பாக்கறவங்க என்னன்னு நெனைப்பாங்க?"

என்ன நினைப்பார்கள்? திருட்டுக் குழாய் என்றுதான். எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். பட்டறையிலிருந்து வெளியே போகும் குழாய் என்றாலே குற்றம்.

சண்முகம் அண்ணாச்சி அலறிவிட்டார். "மேடம், நான் பாட்டுக்கு நல்லா இருக்கறது உங்களுக்குப் பொறுக்கலீங்களா?" அவரைச் சம்மதிக்க வைக்க ஆறுமுகம் சார் ஏழு தடவை போனார். ஏழு தடவையும் அவருடைய புது பாய்லரைப் பார்த்தார். மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு முன்கூட்டியே கடிதம் எழுதி, படமும் வைத்து, ஒப்புதல் நகலை வாங்கிக் கையில் கொடுத்த பிறகுதான் அவர் அரை மனதாகத் தலையாட்டினார்.

ருக்மணியக்காவிடம் நான் போனேன். இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுப்பார்கள். அக்கா "வாங்க அம்மிணி" என்று நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுக்கவில்லை. "கேன் தீந்துபோச்சு. கெணத்துத் தண்ணியக் குடுக்க எனக்கு மனசில்ல" என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. விஷயத்தைச் சொன்னேன். "சாயப்பட்டறைக்காரன் பைப்ப நம்பி கெணத்துல வாங்கிக்கறதுன்னா… நீங்க சொல்றீங்களேன்னுதான் அம்மிணி" என்றார்.

நீங்கள் சொல்கிறீர்களே என்று. அந்த வார்த்தையை நான் மறக்கவில்லை.

குழாய் போட்டோம். நடுவில் ஜல்லியும் மணலும் போட்ட வடிகட்டும் தொட்டி. மழைத் தண்ணீரை நானே பிடித்துச் சோதித்தேன், சுத்தம். ஆனால் எங்கே பிடித்தேன்? தகரக் கூரை வழுக்கும், ஏறாதீர்கள் என்று மிஷின்காரர்கள் சொன்னதால், பட்டறை ஆபீஸின் மொட்டை மாடியில் பிடித்தேன். எல்லாம் ஒரே மழைதானே என்று நினைத்தேன். இத்தனை வருஷம் வேலை பார்த்த கெமிஸ்ட் செய்கிற காரியமா இது?

கோடை முடிந்து முதல் மழை ஒரு மத்தியானம் பெய்தது. மழை நின்ற அரை மணி நேரத்தில் போன். ருக்மணியக்கா. "அம்மிணி, வந்து பாருங்க." அவ்வளவுதான் சொன்னார்.

போய்ப் பார்த்தேன். கிணற்றுத் தண்ணீர் நீலமாக இருந்தது. அழுத்தமான நீலம் இல்லை, வெள்ளை வேட்டிக்கு நீலம் கொஞ்சம் கூடிப்போனால் இருக்குமே, அந்த மாதிரி.

நடந்தது இதுதான். சாயப் பொடி எடை போடும் அறையின் காற்றாடி வெளியே தள்ளும் தூசி, கோடை முழுக்கத் தகரக் கூரையில் படிந்திருக்கிறது. முதல் மழையில் அவ்வளவும் கரைந்து இறங்கிவிட்டது. மணல் தூசியைப் பிடிக்கும், கரைந்த சாயத்தைப் பிடிக்காது. கூரை நீலமாக இருப்பதை அங்கே வேலை பார்க்கிற ஒருவர்கூடக் கவனிக்கவில்லையா என்று கேட்கலாம். சாயப்பட்டறையில் எதுதான் நீலமாக இல்லை? ஆட்களின் நகம் நீலம், படிக்கட்டு நீலம், டீ டம்ளர் நீலம். எங்களுக்கெல்லாம் அந்தக் கண்ணே போய்விட்டது.

கிணற்றைச் சுற்றி ஆள் கூடிவிட்டது. அக்காவின் கொழுந்தனார் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். "நாலு எடத்துக்கு அனுப்பறேன், நாளைக்கே பட்டறைக்குப் பூட்டு" என்று கத்தினார். சண்முகம் அண்ணாச்சி என்னை ஆபீசுக்குள் இழுத்துப் போனார். "மேடம், உடனே டெஸ்ட் எடுங்க. இது எங்க கழிவு இல்ல, மழத் தண்ணி. ரிப்போர்ட் குடுத்தீங்கன்னா தப்பிச்சுக்குவேன்."

எடுத்தேன். வேடிக்கை என்னவென்றால், எல்லாம் அளவுக்குள் இருந்தது. உப்பு முன்னைவிடக் குறைவு. சட்டப்படி பார்த்தால் அந்தத் தண்ணீரில் குற்றமே இல்லை. தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் நானும் தப்பித்தேன், அவரும் தப்பித்தார். பேனாவை எடுத்துவிட்டேன், பொய் சொல்லவில்லை. ஆறுமுகம் சார் அப்போதுதான் உள்ளே வந்தார். தாளை வாங்கிப் படித்தார்.

"அளவுக்குள்ள இருக்குதுங்களாங்க?"

"இருக்கு சார்."

"அந்தம்மா அளவ நம்பியா பைப்ப உட்டாங்க? உங்கள நம்பி உட்டாங்க." தாளை மேசையில் வைத்தார். "இதப் போயி அவங்ககிட்டக் குடுக்க முடியுமுங்களாங்க உங்களால?"

முடியவில்லை. வெளியே போனேன். அத்தனை பேர் முன்னால் ருக்மணியக்காவிடம் சொன்னேன்: "அக்கா, தப்பு என்னோடதுதான். கூரைத் தண்ணிய டெஸ்ட் பண்ணாம மாடித் தண்ணிய டெஸ்ட் பண்ணிட்டேன். இது சாயம்தான். மாட்டுக்கு வைக்காதீங்க." கொழுந்தனார் வீடியோவை நிறுத்திவிட்டார். நான் இல்லை என்று சாதிப்பேன், சண்டை போடுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்.

அக்கா கத்தவில்லை. "நீங்க சொன்னீங்களேன்னு உட்டனே அம்மிணி" என்றார். குழாயின் வாயில் ஒரு சாக்கை வைத்து அடைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். கத்தியிருந்தால் தேவலை.

சார் அண்ணாச்சியிடம் ஒரே விஷயம்தான் சொன்னார்: "கெணத்த எறைச்சிருங்க." கிணற்றைச் சுத்தமாக இறைத்து, அந்தத் தண்ணீரை லாரியில் எங்கள் நிலையத்துக்கே கொண்டுவந்து சுத்தம் செய்தோம். கூரையைக் கழுவினார்கள். பொடி அறையின் காற்றாடிக்குத் துணிப்பை கட்டித் தூசியை உள்ளேயே பிடித்தார்கள். மழையின் முதல் தண்ணீர் கிணற்றுப் பக்கம் போகாமல் பட்டறைத் தொட்டிக்கே திரும்புகிற மாதிரி குழாயில் ஒரு வால்வு வைத்தோம். எல்லாம் முடிந்தது. ஆனால் அந்தச் சாக்கு குழாய் வாயிலேயே இருந்தது.

மூன்று தடவை போனேன். மூன்றாவது தடவை, சாரிடம் கற்றதையெல்லாம் விட்டுவிட்டு, நேராகவே கேட்டேன். "அக்கா, நான் என்ன சொன்னாலும் நீங்க நம்ப வேண்டாம். என்ன செஞ்சா நம்புவீங்கன்னு நீங்க சொல்லுங்க."

"தொறக்கறதும் சாத்தறதும் என்ற கையில இருக்கோணும்" என்றார். "வால்வு வேலிக்கு இந்தப் பக்கம் வரோணும். அதுக்குப் பூட்டு. சாவி என்கிட்ட. பட்டறைக்காரருக்கு ஒரு சாவிகூடக் கூடாது."

அண்ணாச்சி குதித்தார். "என்ற பட்டறைப் பைப்புக்கு அந்தம்மா பூட்டுப் போடறதா? ஊருக்குள்ள நான் தலை காட்ட வேண்டாமுங்களா? எந்தச் சட்டத்துல இருக்குது இது?"

ஆறுமுகம் சார் பாய்லரைப் பார்க்கவில்லை, எழுந்து ஓடவும் இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்: "கோர்ட்டுல இருந்து வந்து பூட்டு போட்டப்ப வாயத் தொறக்காம நின்னீங்க சண்முகம். பக்கத்துத் தோட்டத்தம்மா போட்டா மட்டும் கௌரவம் போயிருமுங்களாங்க?"

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஃபிட்டரைக் கூப்பிட்டு, "வால்வக் கழட்டி வேலிக்கு அந்தப்பக்கம் வெய்யி" என்றார்.

அந்த வருஷ ஐப்பசி மழை முழுக்க அக்கா வால்வைத் திறக்கவே இல்லை. ஒவ்வொரு மழைக்கும் குடை பிடித்துக்கொண்டு வருவார். வால்வுக்கு முன்னால் ஒரு சின்னக் குழாய்த் திருகு இருந்தது, அதில் ஒரு வெள்ளைப் பேசினில் தண்ணீர் பிடிப்பார். பார்ப்பார். கீழே ஊற்றுவார். போய்விடுவார். "தொட்டி நெறஞ்சு நல்ல தண்ணி பூராம் வீணாப் போகுது மேடம், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று அண்ணாச்சி புலம்பினார். நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்த ஒரே மழைக்காலம் அது.

அடுத்த வருஷம் மூன்றாவது மழையில் திறந்தார். எனக்குச் சொல்லவில்லை. அண்ணாச்சி போன் பண்ணி, "மேடம், தொறந்துட்டாங்க, தொறந்துட்டாங்க" என்றார். பேத்தி பிறந்ததைச் சொல்கிற குரல். நான் ஆய்வகத்தில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

கிணறு தேனாக மாறிவிட்டது என்று கதைவிட மாட்டேன். குடிக்க ஆகாது. ஆனால் நான்கு மழைக்காலம் போன பிறகு உப்பு பாதிக்கும் கீழே வந்தது. மாடு வாய் வைத்தது. லாரித் தண்ணீர் நின்றது. அக்கா தாராபுரம் போகவில்லை, நான்கு மாடு ஆறானது. அதற்குள் அக்கம்பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் பட்டறை முதலாளிகளிடம் வந்து, "எங்களுக்கும் ஒரு பைப்பு உடுங்க, ஆனா சாவி எங்களுக்கு" என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள். யார் வீட்டுக்கும் நான் போய்ப் பேச வேண்டியிருக்கவில்லை.

எனக்கு வேலையில் கடைசி வருஷம். ஆறுமுகம் சார் அதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டார். ஒருநாள் காலையில் அண்ணாச்சியிடமிருந்து போன். "மேடம், கொஞ்சம் ஓடி வாங்க. புது ஆபீசர் இன்ஸ்பெக்‌ஷன் வந்திருக்காரு. பைப்பப் பாத்துட்டாரு."

போனேன். இளைஞர், மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்து ஒரு வாரம்தான். பட்டறைச் சுவரோரம் நின்று குழாயைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். "பட்டறைக்குள்ள இருந்து பைப் வெளிய போகுது, நேரா கிணத்துல முடியுது. என்ன மேடம் இது?" நியாயமான கேள்வி. அவர் இடத்தில் நான் இருந்தால் இன்னும் கடுமையாகக் கேட்டிருப்பேன். அண்ணாச்சி பீரோவைக் குடைந்துகொண்டிருந்தார். ஒப்புதல் கடிதம் கைக்கு அகப்படவில்லை. பழைய பயம் திரும்ப வந்து அவருக்கு வேர்த்துக் கொட்டியது. ஆபீசர் படிவத்தை எடுத்து எழுதத் தொடங்கினார்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் வந்தது. "யாருங்க அது, பைப்பத் தொடறது?"

ருக்மணியக்கா. கையில் தீவனம் அறுத்த அரிவாள். ஆபீசர் இரண்டடி பின்னால் போனார். "இன்ஸ்பெக்‌ஷன் வந்திருக்கேம்மா. இந்தக் கம்பெனி பைப் உங்க கிணத்துக்கு வருதே, உங்களுக்குத் தெரியுமா?"

"கம்பெனி பைப்புன்னு யாருங்க சொன்னது? அது என்ற பைப்புங்க."

"உங்க பைப்பா?"

"ஆமாங்க. பூட்டும் என்றது, சாவியும் என்றது." தாலிக்கொடி இருந்த கழுத்தில் இப்போது ஒரு கயிறு கிடந்தது. அதிலிருந்து சாவியை எடுத்துக் காட்டினார். "கம்பெனிக்காரருக்கு இதுல ஒரு பாத்தியதையும் இல்லீங்க."

ஆபீசர் என்னைப் பார்த்தார், அண்ணாச்சியைப் பார்த்தார். பிறகு, "சரிம்மா. அப்ப கொஞ்சம் திறந்து காட்டுங்க, பார்த்துக்கறேன்" என்றார்.

"மாட்டனுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்கா அசரவில்லை. "மழ பேயறப்ப வாங்க. பேசின்ல புடிச்சுப் பாப்பேன். எனக்குத் திருப்தியா இருந்தாத்தான் தொறப்பேன். ஆபீசர் வந்தாங்க, அவிய வந்தாங்க இவிய வந்தாங்கன்னெல்லாம் தொறக்க முடியாதுங்க."

அண்ணாச்சி என் பக்கம் குனிந்தார். ஊருக்குள் தலை காட்ட முடியாது என்று குதித்த மனிதர். "பாத்தீங்களா மேடம்," என்றார், "ஆபீசருக்கே தொறக்க மாட்டேனுட்டாங்க."

ஆபீசர் குனிந்து அந்தப் பூட்டைப் பார்த்தார். எழுதியதை அடித்தார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தார்.

"சரிம்மா, மழைக்கே வர்றேன்."

"வாங்க சாமி" என்றார் அக்கா. "கொடை கொண்டாங்க."